எலுமிச்சைக்குக் குளியல் தண்ணீர் போதுமா?

கிராமத்தில் கொல்லையில் எலுமிச்சை இல்லாத வீடு குறைவு. காய்க்கிற எலுமிச்சை உள்ள வீடு அதைவிடக் குறைவு. நட்டு ஏழெட்டு ஆண்டாகியும் இலையும் முள்ளுமாக நிற்கும் மரம், அல்லது சில காலம் காய்த்துவிட்டுக் கிளை நுனியிலிருந்து காய்ந்துகொண்டு வரும் மரம், இந்த இரண்டில் ஒன்றுதான் பல கொல்லைகளில் கண்ணில் படுகிறது. மண் ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள். மலட்டு மரம் என்பார்கள். கண் பட்டுவிட்டது என்பார்கள். சிலர் அடிமரத்தில் ஆணி அடித்துப் பார்ப்பதும் உண்டு. கடைசியில் ஒரு நாள் அரிவாள் வருகிறது.

அந்த மரத்துக்கு அதுவரை என்ன கொடுத்தோம் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. நெல்லுக்கு எத்தனை மூட்டை உரம், கடலைக்கு எத்தனை கிலோ ஜிப்சம் என்பதை விவசாயி தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். கொல்லை எலுமிச்சைக்கு என்ன போட்டீர்கள் என்றால், “அதுக்கென்னங்க, குளிக்கிற தண்ணி பாயுதே” என்பதுதான் பதில். மரம் கெடுவதற்கான காரணம் பெரும்பாலும் அந்தப் பதிலிலேயே இருக்கிறது.

வீட்டுக் கழிவுநீர் போகும் இடத்தில் வாழையும் எலுமிச்சையும் வைப்பது நெடுநாள் வழக்கம். சீயக்காயும் பயற்றமாவும் தேய்த்துக் குளித்த காலத்தில் அந்தத் தண்ணீரால் பெரிய கெடுதல் வந்திருக்காது. இன்று குளியலறையிலிருந்தும் துவைக்கும் கல்லிலிருந்தும் வருவது சோப்புத்தூள் கரைந்த காரத் தண்ணீர். அதில் சோடிய உப்பு அதிகம். வாழை ஓரளவு தாங்கிக்கொள்ளும். எலுமிச்சை உப்பையும் தாங்காது, தேங்கிய நீரையும் தாங்காது. நாள்தோறும் அடிமரத்தை நனைத்துக்கொண்டே இருக்கும் சேற்றில் வேர் மூச்சுத் திணறுகிறது. தரையை ஒட்டிய பட்டை மெத்தென்று ஆகிப் பழுப்பாகிறது. பிறகு பிசின் வடிகிறது. மேலே இலை மஞ்சளாகி உதிர்வதைப் பார்த்துவிட்டு, தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் இரண்டு குடம் ஊற்றும் வீடுகளும் இருக்கின்றன.

ஆகவே உரத்தைப் பற்றிப் பேசுமுன் தண்ணீரைத் திருத்த வேண்டும். சோப்புத் தண்ணீரை வேறு பக்கம் திருப்பி வாழைக்கோ சேம்புக்கோ விடலாம். அரிசி கழுவிய நீரும் காய்கறி கழுவிய நீரும் எலுமிச்சைக்குத் தாராளமாகப் போகலாம். அடிமரத்தைச் சுற்றி ஒன்றரை அடிக்கு மண்ணைச் சற்று மேடாக அணைத்து, அதற்கு வெளியே வட்டமாகப் பாத்தி எடுத்து, அந்தப் பாத்தியில்தான் தண்ணீர் விட வேண்டும். இரட்டை வட்டப் பாத்தி என்று இதைச் சொல்வார்கள். மேடு ஒட்டுக்கட்டிய இடத்தை மூடிவிடக் கூடாது. ஒரு மண்வெட்டியும் அரைமணி நேரமும் போதும், இந்த ஒரு வேலையால் மட்டுமே பிழைத்த மரங்கள் உண்டு. பாத்தியின் மேல்மண் காய்ந்த பிறகு அடுத்த தண்ணீர் விட்டால் போதும். கோடையில் வாரம் ஒன்று அல்லது இரண்டு, மழைக் காலத்தில் வடிகால் மட்டும்.

வெயில் இன்னொன்று. வேம்பு நிழலிலோ தென்னை மட்டைகளுக்கு அடியிலோ வைத்த எலுமிச்சை உயரமாகப் போகும், காய்க்காது. நாளில் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழாத இடத்தில் எத்தனை உரம் போட்டாலும் அது இலைக்குத்தான் போகும்.

இனி உரம். இதில்தான் குழப்பம் அதிகம்.

வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிபாரிசுப்படி, நட்ட முதல் ஆண்டில் மரம் ஒன்றுக்குத் தொழு உரம் 10 கிலோ, தழைச்சத்து 200 கிராம், மணிச்சத்து 100 கிராம், சாம்பல்சத்து 100 கிராம் தர வேண்டும். ஆண்டுதோறும் கூட்டிக்கொண்டே போய், ஆறாம் ஆண்டு முதல் தொழு உரம் 30 கிலோவும் தழை, மணி, சாம்பல் சத்துகள் முறையே 600, 200, 300 கிராமும் இட வேண்டும். தழைச்சத்தை மட்டும் இரண்டாகப் பிரித்து மார்ச்சிலும் அக்டோபரிலும், மற்றவற்றை அக்டோபரிலும் இடுவது முறை. இந்தச் சிபாரிசில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இது சத்துக் கணக்கு. கொல்லையில் மரத்தைக் கவனிப்பவர் பெரும்பாலும் அந்த வீட்டு அம்மா. அவர் கையில் இருப்பது சத்து அல்ல. எருக்கூடையும், வயலுக்கு வாங்கியதில் மிஞ்சிய அரை மூட்டை யூரியாவும்தான். 600 கிராம் தழைச்சத்து என்றால் எத்தனை கை என்று அவருக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. கூட்டங்களில் பேசப்படுவதெல்லாம் ஏக்கர் கணக்கு. ஒற்றை மரம் வைத்திருப்பவர் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வெறுங்கையோடு எழுந்து போகிறார்.

கணக்கு அப்படி ஒன்றும் கடினமில்லை. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து. 600 கிராம் தழைச்சத்துக்கு 1,300 கிராம் யூரியா வேண்டும். சூப்பர் பாஸ்பேட்டில் நூற்றுக்கு 16 பங்கு மணிச்சத்து. 200 கிராமுக்கு 1,250 கிராம். பொட்டாஷில் நூற்றுக்கு 60 பங்கு சாம்பல்சத்து. 300 கிராமுக்கு அரைக் கிலோ. முழு வளர்ச்சி பெற்ற தோப்பு மரத்துக்கு, தொழு உரத்துக்கு மேல், ஆண்டு முழுவதற்குமான அளவு இது.

இங்கே இரண்டு கட்சிகள் இருக்கின்றன. ரசாயன உரம் வாசலையே மிதிக்கக் கூடாது, எருவும் பஞ்சகவ்யமும் போதும் என்பது ஒரு கட்சி. எருவில் என்ன இருக்கிறது, ஒரு கை யூரியா போட்டால் மூன்றாம் நாள் பச்சை பிடிக்கிறதே என்பது மற்றொரு கட்சி. இரு தரப்பாரும் தராசில் நிறுத்துப் பேசுவதில்லை.

தொழு உரத்தில் தழைச்சத்து நூற்றுக்கு அரைப் பங்குதான். 30 கிலோ எரு போட்டால் கிடைப்பது சுமார் 150 கிராம். எருவை மட்டும் நம்பி 600 கிராமையும் கொடுக்க வேண்டுமானால் ஒரு மரத்துக்கு 120 கிலோ எரு வேண்டும். இரண்டு மாடு வைத்திருப்பவருக்கு அது முடியும். ஆனால் வயலுக்கு என்ன செய்வார்? பஞ்சகவ்யத்தை 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி வீதம் கலந்து தெளிப்பதில் தவறில்லை, துளிர் நன்றாக வருவதாகப் பலர் சொல்கிறார்கள். அதையே முழுச் சாப்பாடாக எண்ணுவது சரியாகாது. எதிர்க் கட்சியின் யூரியாவோ மூன்றாம் நாள் பச்சை காட்டுவது உண்மை. அந்த இளந்துளிரைத் தேடி இலைத் துளைப்பான் வருவதும், சொறி நோய் பிடிப்பதும், மரம் இலையாகவே போய்ப் பூக்காமல் நிற்பதும் அதே அளவுக்கு உண்மை.

கொல்லை மரத்துக்குப் பொருத்தமானது இரண்டையும் கலந்த கணக்கு. வேப்பம் புண்ணாக்கில் தழைச்சத்து ஏறக்குறைய நூற்றுக்கு 5 பங்கு இருக்கிறது. 30 கிலோ தொழு உரத்தோடு 5 கிலோ வேப்பம் புண்ணாக்கைச் சேர்த்தால் 400 கிராம் தழைச்சத்து வந்துவிடுகிறது. மீதி 200 கிராமுக்கு 440 கிராம் யூரியா போதும். மார்ச்சில் பாதி, அக்டோபரில் பாதி. எருவிலும் புண்ணாக்கிலும் உள்ள மணிச்சத்தையும் சாம்பல்சத்தையும் கழித்துவிட்டால் சூப்பர் அரைக் கிலோவுக்குச் சற்று மேல், பொட்டாஷ் 125 கிராம். சந்தைக்காகக் காய்க்க வைக்கும் தோப்பில் எருவைக் கணக்கில் சேர்க்காமல் முழு உரமும் இடுகிறார்கள், அது வேறு. வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும் காய்க்க வேண்டிய மரத்துக்கு மேலே சொன்னது போதும். ஆட்டுப்பட்டியோ மாட்டுக் கொட்டிலோ மரத்தை ஒட்டியிருந்தால் யூரியாவையும் விட்டுவிடலாம். அந்த மரம் ஏற்கெனவே தேவைக்கு மேல் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. ஆறு வயதுக்குக் குறைந்த மரத்துக்கு வயதுக்கு ஏற்றபடி குறைக்க வேண்டும். கிராமைக் கண்டு பயப்பட வேண்டாம். பழைய டப்பா ஒன்றில் ஒவ்வோர் உரத்தையும் ஒரே ஒரு தடவை மளிகைக் கடைத் தராசில் நிறுத்துப் போட்டு, வெளியே ஆணியால் கோடு கிழித்துக்கொண்டால் அதுவே படி. அந்த டப்பாவை வேறு எதற்கும் எடுக்கக் கூடாது.

எவ்வளவு என்பதைவிட எங்கே என்பது முக்கியம். நூற்றுக்குத் தொண்ணூறு வீடுகளில் உரம் அடிமரத்தை ஒட்டிக் குவிக்கப்படுகிறது. சத்தை உறிஞ்சும் வேர் அங்கே இல்லை. அவை அடிமரத்திலிருந்து இரண்டரை அடி தள்ளித் தொடங்கி, கிளைகளின் நிழல் விழும் ஓரம் வரை, மேல்மண்ணில் ஓர் அடி ஆழத்துக்குள் பரவிக் கிடக்கின்றன. அடியில் குவித்த யூரியா பட்டையைச் சுடுகிறது, வேருக்குப் போய்ச் சேருவதில்லை. ஆழமாகக் கொத்தி வேரை அறுப்பதும் கூடாது. களைக்கொட்டால் மேலாகக் கீறி, உரத்தைச் சுற்றிலும் தூவி, மண்ணை மூடித் தண்ணீர் விட வேண்டும். அதன் மேல் வைக்கோலோ சருகோ பரப்பினால் கோடைக்குத் தண்ணீர் மிச்சம். அந்தச் சருகும் அடிமரத்தைத் தொடாமல் இருக்கட்டும். அக்டோபர் உரத்தை அடைமழை பிடிப்பதற்கு முன்பே, புரட்டாசி நடுவிலேயே இட்டுவிடுவது நல்லது. இல்லாவிட்டால் போட்டது பக்கத்து வீட்டுக் கிணற்றில்தான் இருக்கும்.

அடுப்புச் சாம்பலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எலுமிச்சைக்குச் சாம்பல் நல்லது என்பது ஊரெங்கும் உள்ள நம்பிக்கை. சாம்பலில் சாம்பல்சத்து இருப்பது மெய்தான். அதில் காரமும் சுண்ணாம்பும் இருக்கின்றன. செம்மண்ணில், சரளை மண்ணில், மாதம் ஒரு தடவை இரண்டு கை தூவினால் நன்மை உண்டு. சுக்கான் கலந்த மண்ணிலும் சுண்ணாம்பு மிகுந்த கரிசலிலும் சாம்பல் கொட்டுவது மரத்தைப் பட்டினி போடுவதற்குச் சமம். மண்ணில் காரம் ஏற ஏற, துத்தநாகமும் இரும்பும் மண்ணிலேயே இருந்தும் வேருக்குக் கிடைக்காமல் போகின்றன. தன் மண் எப்படி என்று தெரியாதவர் ஒரு கைப்பிடிக் காய்ந்த மண்ணை எடுத்து அதன் மேல் எலுமிச்சைச் சாற்றைத் தாராளமாகப் பிழிந்து பார்க்கலாம். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு மண், சாம்பல் வேண்டாம். நுரைக்கவில்லை என்பதை மட்டும் வைத்துச் சுண்ணாம்பே இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்ப்பதே நிச்சயம்.

துத்தநாகக் குறை தமிழ்நாட்டு எலுமிச்சையில் மிகச் சாதாரணம். பசிக்கிறது என்று மரம் வாய் திறந்து சொல்லாது, ஆனால் இலையில் எழுதிக் காட்டும். புது இலைகள் சிறுத்து, குறுகி, நரம்பு மட்டும் பச்சையாகவும் நடுவெல்லாம் மஞ்சளாகவும் இருந்தால் துத்தநாகம் போதவில்லை. புது இலை முழுவதுமே வெளிறி, மெல்லிய பச்சை வலை பின்னியதுபோல் தெரிந்தால் இரும்புக் குறை. கீழ்க்கிளைகளின் முதிர்ந்த இலைகள் சீராக மஞ்சளாகி உதிர்ந்தால் தழைச்சத்துக் குறை. இளசும் முதிர்ச்சியுமாக மரம் முழுவதும் ஒரே சமயத்தில் வெளுத்தால் வேரில் தண்ணீர் நிற்கிறது என்று பொருள். அப்போது உரம் போடுவது நோயாளிக்கு விருந்து வைப்பதாகும். இந்த வித்தியாசம் தெரியாமல் எல்லா மஞ்சளுக்கும் யூரியாவைக் கொட்டுவதால்தான் பாதி மரங்கள் போகின்றன.

துத்தநாகக் குறைக்கு மருந்து மலிவு. லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட், இலை கருகாமல் இருக்க அதில் பாதி எடை நீற்றிய சுண்ணாம்பு, இரண்டையும் தனித்தனியே கரைத்துக் கலந்து வடிகட்டி, புதுத் துளிர் வந்தவுடன் மாலை நேரத்தில் இலையின் இரு பக்கமும் நனையத் தெளிக்க வேண்டும். மார்ச், ஜூலை, அக்டோபர் என ஆண்டுக்கு மூன்று தடவை. தெளிக்கும் பம்பு இல்லாதவர் புது விளக்குமாற்றை நனைத்து உதறினாலும் ஒற்றை மரத்துக்கு வேலை நடக்கும்.

கவாத்து பெரிய வித்தை இல்லை. அடியிலிருந்து குச்சி குச்சியாக நேரே கிளம்பும் நீர்ப்போத்துகளையும் காய்ந்த குச்சிகளையும் நீக்கினால் போதும். ஒட்டுக்கன்றாக இருந்தால், ஒட்டுக்குக் கீழே வரும் துளிரை ஒன்றுகூட விடக் கூடாது. அதை விட்டவர்கள் சில ஆண்டில் வேர்ச்செடியாகிய காட்டு எலுமிச்சையைத்தான் வளர்த்துக்கொண்டிருப்பார்கள், ஒட்டு வைத்தது என்றோ செத்திருக்கும். விதைக்கன்று மட்டம் என்பதும் சரியல்ல. எலுமிச்சையில் ஒரு விதையிலேயே இரண்டு மூன்று முளை வரும், அவற்றில் பெரும்பாலானவை தாயின் குணத்தையே கொண்டிருக்கும். நன்றாகக் காய்க்கும் மரத்தின் விதை என்றால் பயமின்றி வைக்கலாம். காய்க்க நான்கைந்து ஆண்டு பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். வாரச் சந்தையில் பெயர் தெரியாத கன்றை வாங்குவதைவிட அது எவ்வளவோ மேல். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் தெரிந்தெடுத்த பி.கே.எம்.1 ரகம் கிடைத்தால் இன்னும் நல்லது.

பூச்சிகளில் கவனிக்க வேண்டியது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. சிறிதாக இருக்கும்போது பறவை எச்சம் மாதிரியே இலைமேல் கிடக்கும், பலர் தொடாமல் விட்டுவிடுவார்கள். நாலைந்து நாளில் பச்சைப் புழுவாகி இளங்கன்றை மொட்டையடித்துவிடும். கையால் பொறுக்கினாலே தீர்ந்தது. பக்கத்தில் கறிவேப்பிலை இருந்தால் அதையும் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே குடும்பம், புழுவும் பொது. வீட்டில் குழம்புக்குக் கிள்ளும் கறிவேப்பிலை பக்கத்திலேயே நிற்கும்போது எலுமிச்சைக்குக் கடும் பூச்சிமருந்து அடிப்பது புத்திசாலித்தனம் ஆகாது.

கோடையில் காய் வர வேண்டும் என்று சிலர் வடமாநிலத் தோப்புகளில் செய்வதுபோலத் தண்ணீரை நிறுத்தி மரத்தை வாட விடுகிறார்கள். மகாராஷ்டிரத்தில் செப்டம்பர், அக்டோபரில் வாட வைத்துப் பூக்க விட்டால் அது கோடைக் காயாகிறது. இங்கே அந்தச் சமயத்தில்தான் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. வானத்தை நிறுத்த முடியாது. கொல்லை மரத்தை அது பூக்கிறபடி பூக்க விடுவதே மேல்.

இவ்வளவு பாடு ஓர் எலுமிச்சைக்கா என்று கேட்கலாம். 2022 கோடையில் ஒரு பழம் பத்து ரூபாய்க்கு விற்றது பலருக்கு நினைவிருக்கும். அதே பழம் மழைக் காலத்தில் கூடை கூடையாகச் சீந்துவாரின்றிக் கிடப்பதும் உண்டு. புளியங்குடி போன்ற பெரிய எலுமிச்சைச் சந்தைகளில் அன்றன்றைக்கு என்ன விலை என்பதைச் சிறு விவசாயி தீர்மானிக்க முடியாது. ஏக்கர் கணக்கில் போட்டவர் அந்த விலையோடு ஏறி இறங்கத்தான் வேண்டும். கொல்லையில் இரண்டு மரம் உள்ளவருக்கு அந்தக் கவலை இல்லை. விலை இருக்கும்போது நூறு பழம் வாரச் சந்தைக்குப் போகும். ஆடியில் அம்மன் கோவில் மாலைக்கும், ஆயுத பூஜைக்கும் வீடு தேடி வந்து கேட்பார்கள். விலை இல்லாதபோது ஊறுகாய்ப் பானை நிறையும். நன்றாகப் பேணிய, பருவம் வந்த மரம் ஆண்டுக்கு ஆயிரம் காய்வரை கொடுப்பது அரிதல்ல. அந்தச் சில்லறை பெரும்பாலும் வீட்டு அம்மாவின் கையில்தான் புழங்குகிறது. பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்கும் திடீர்ச் செலவுக்கும் யாரிடமும் கேட்காமல் எடுக்கக் கூடிய காசு அது. வயலுக்கு வாங்கும் உரத்தில் அந்த மரத்துக்கும் ஒரு பங்கு என்று வீட்டுக்காரர் முன்கூட்டியே ஒதுக்கி வைத்தால் என்ன குறைந்துவிடும்? மிஞ்சினால் போடுவது, மிஞ்சாவிட்டால் விடுவது என்ற வழக்கம் மாற வேண்டும்.

வெட்டுவதாக முடிவு செய்துவிட்ட மரத்தையும் அதற்குமுன் ஒரு தடவை பார்க்கலாம். அடிப்பட்டையைச் சுற்றி மண்ணை விலக்கி, அழுகிய பகுதியைக் கத்தியால் சுரண்டி எடுக்க வேண்டும். ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு, 10 லிட்டர் தண்ணீர் என்ற விகிதத்தில் போர்டோப் பசை தயாரித்துத் தடவ வேண்டும். ஒரு மரத்துக்கு இதில் பத்தில் ஒரு பங்கே தாராளம். துத்தத்தை மண்பானையிலோ பிளாஸ்டிக் வாளியிலோதான் கரைக்க வேண்டும், இரும்புப் பாத்திரம் ஆகாது. தண்ணீரைத் திருப்பி, பாத்தியை மாற்றி, புரட்டாசி உரம் ஒன்று, பங்குனி உரம் ஒன்று என இரண்டு தவணை கொடுத்துப் பார்க்கட்டும். பட்டை அழுகல் அடிமரத்தைப் பாதிக்குமேல் சுற்றி வந்திருந்தால் மட்டும் தயங்காமல் எடுத்துவிடலாம். புதுக் கன்றை அதே குழியில் வைக்காமல் பத்தடி தள்ளி, இரண்டரை அடி நீளம், அகலம், ஆழத்தில் குழி எடுத்து, ஒரு மாதம் ஆறவிட்டு, எருவும் மேல்மண்ணும் நிரப்பி நட வேண்டும். குளியலறைத் தண்ணீர் போகும் பக்கமாக அந்தக் குழி இருக்கக் கூடாது.